ஒரே குடும்பம், வேறு வேறு குடித்தனம்

1970களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லோவல் கெட்ஸ் என்ற விலங்கியலாளர் புல்வெளிகளிலும் குதிரைமசால் வயல்களிலும் வரிசையாகப் பொறிகளை வைத்திருந்தார். விலங்கைக் கொல்லாமல் பிடிக்கும் பொறிகள் அவை. அகப்பட்டதை எடை பார்த்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். வோல் எனப்படும் சிறு கொறிவிலங்குகள் சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகுகின்றன. பிறகு சட்டென்று குறைந்துபோகின்றன. இந்த ஏற்ற இறக்கம் ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. 1972இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்பு 25 ஆண்டுகள் நீண்டது.

எண்ணிக்கையைத் தேடிப்போன இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. பிரெய்ரி வோல் விழுந்த பொறிகளில் அடிக்கடி இரண்டு விலங்குகள் சேர்ந்து இருந்தன: வளர்ந்த ஆண் ஒன்று, வளர்ந்த பெண் ஒன்று. மறுபடி பொறி வைத்தபோதும் பல நேரம் அதே இணைதான் அகப்பட்டது. பக்கத்திலேயே வாழும் மெடோ வோல்களோ பெரும்பாலும் ஒற்றையாகவே வந்தன. பிரெய்ரி வோல்களுக்குச் சிறு ரேடியோ கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தபோது விஷயம் தெளிவானது. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் தங்கின. குட்டிகளைச் சேர்ந்தே வளர்த்தன. துணையை இழந்தவற்றில் பெரும்பாலானவை வேறு துணை தேடவில்லை.

பாலூட்டி இனங்களில் ஆணும் பெண்ணும் இணையாக வாழ்பவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருக்க, ஒரே பேரினத்தில் பிறந்து, பார்வைக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வோல்களில் ஒன்று குடும்பம் நடத்துகிறது, மற்றொன்று நடத்துவதில்லை. ஏன்? அரை நூற்றாண்டாக இதற்கு விடை தேடிய அறிவியல், நமக்கு முக்கியமான ஒரு பாடத்தைச் சொல்லியிருக்கிறது. ஓர் உயிர் யாருக்கு உறவு என்பது அதன் உடலைப் பற்றி நிறையச் சொல்லும். அது யாரோடு எப்படி வாழும் என்பதற்கு அந்த உறவு மட்டும் விடை தராது.

வோல் யாருக்கு உறவு?

வோலைப் பார்த்தவுடன் எலி என்றுதான் சொல்லத் தோன்றும். மழுங்கிய மூஞ்சி, ரோமத்துக்குள் பாதி மறைந்த காது, குட்டை வால், உருண்ட உடல் ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறியலாம். பிரெய்ரி வோல் 30 முதல் 50 கிராம் வரை எடையிருக்கும். உணவு புல், தண்டு, வேர், விதை, குளிர்காலத்தில் மரப்பட்டை. புல்லுக்குள் நடந்து நடந்து தடம் போட்டுவைத்து அந்தத் தடத்திலேயே ஓடும். ஆந்தை, நரி, மரநாய் இனங்கள் என வடதிசைக் காடுகளின் வேட்டை விலங்குகள் பலவும் வோலை நம்பியே உயிர் வாழ்கின்றன. அதனால் வோலின் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்கில் முடிந்துவிடுகிறது.

உயிரினப் பாகுபாட்டில் நம் வீட்டெலியும் சுண்டெலியும் பெருச்சாளியும் முரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நெல்வயல்களில் வளை தோண்டும் எலிகளும் அந்தக் குடும்பம்தான். வோல்கள் கிரிசெட்டிடே என்ற வேறு குடும்பம். அமெரிக்கக் கண்டங்களின் சொந்த எலிகளும், கூண்டில் வளர்க்கிறார்களே அந்த ஹாம்ஸ்டரும் இதே குடும்பத்தினர். ஆக வோலுக்கு நெருங்கிய சொந்தம் ஹாம்ஸ்டர்தான். வீட்டெலி தூரத்து உறவு. இரண்டு குடும்பங்களும் பிரிந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

கிரிசெட்டிடே குடும்பத்துக்குள் ஆர்விகோலினே என்ற துணைக்குடும்பத்தில் வோல்கள், லெம்மிங்குகள், நீரில் வாழும் மஸ்க்ரேட் ஆகியவை அடங்கும். 150க்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு கிலோவைத் தாண்டி வளரும் மஸ்க்ரேட்டும் உண்மையில் ஒரு பெரிய வோல்தான். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என வட கோளத்தின் குளிர்ப் பகுதிகளும் மிதவெப்பப் பகுதிகளும் இவற்றின் தாயகம். இந்தியாவில் காஷ்மீர், லடாக், இமாசலம், சிக்கிம் என இமயமலைப் பகுதிகளில் சில இனங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் வோல் கிடையாது.

பல் சொல்லும் வரலாறு

இந்தத் துணைக்குடும்பத்தின் கதை பல்லில் எழுதப்பட்டிருக்கிறது. புல்லில் சிலிக்கா என்ற கடினமான பொருள் இருக்கிறது. அதை மென்றுகொண்டே இருந்தால் பல் தேயும். எல்லாக் கொறிவிலங்குகளுக்கும் முன்பல் வாழ்நாள் முழுக்க வளரும். வோல்களில் பல இனங்களுக்குக் கடைவாய்ப் பல்லும் அப்படியே வளர்கிறது. அதற்கு வேர் மூடுவதே இல்லை. பல்லின் மேல்பரப்பில் எனாமல் வளைந்து வளைந்து முக்கோணங்களாக அமைந்திருக்கும். அந்த முக்கோணங்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்த்தே நிபுணர்கள் இனத்தைச் சொல்லிவிடுவார்கள்.

வேருள்ள பல்லிலிருந்து வேரில்லாத பல்லுக்கு வோல்கள் மாறிய காலம் புதைபடிவங்களில் படிப்படியாகத் தெரிகிறது. மிமோமிஸ் என்ற பழைய பேரினத்தின் பல்லுக்கு வேர் இருந்தது. அதன் வழிவந்த ஆர்விகோலா எனும் நீர் வோலுக்கு வேர் இல்லை. பிரிட்டனின் பழங்கற்கால ஆய்விடங்களில் இந்த மாற்றத்தையே காலக் கணிப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு வோல் கடிகாரம் என்றே பெயர். தென் இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவ் என்ற இடத்தில் ஆதிமனிதனின் கால் எலும்பும் கற்கருவிகளும் கிடைத்தன. அந்த இடம் சுமார் 5 லட்சம் ஆண்டுப் பழமை உடையது என்ற முடிவுக்கு, அங்கே கிடைத்த சிறிய வோல் பற்களும் சான்றாயின.

மைக்ரோட்டஸ் என்ற பேரினத்தின் கதை இன்னும் வியப்பானது. பிரெய்ரி வோல், மெடோ வோல், மலை வோல் மூன்றும் இதைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்குள் இது அறுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்துவிட்டது. பாலூட்டிகளின் வரலாற்றில் இது அசுர வேகம். உடல் அதிகம் மாறவில்லை. குரோமோசோம்கள் தாறுமாறாக மாறின. ஓர் இனத்தில் 17 அல்லது 18. இன்னோர் இனத்தில் 60க்கும் மேல். ஐரோப்பாவின் சாதாரண வோலும் கிழக்கு ஐரோப்பிய வோலும் கண்ணுக்கு வேறுபாடே தெரியாதவை. முன்னதற்கு 46 குரோமோசோம்கள், பின்னதற்கு 54 என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அவை இரண்டு இனங்கள் என்று உறுதியானது. துருக்கி, ஈரான் பகுதிகளில் மண்ணுக்குள் வாழும் எல்லோபியஸ் லூட்டெசென்ஸ் என்ற வோலுக்கு ஆண்களிலும் ஒய் குரோமோசோம் இல்லை. ஆண், பெண் இரண்டுக்கும் ஒற்றை எக்ஸ் மட்டுமே.

வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்க உள்ளே இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், வாழும் முறையிலும் வேறுபாடு இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அது எவ்வளவு பெரிது என்பதை இல்லினாயின் பொறிகள்தான் காட்டிக்கொடுத்தன.

இரண்டு நிலம், இரண்டு வாழ்க்கை

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுவில் பரந்து கிடக்கும் வறண்ட புல்நிலம். சத்தான உணவு அங்கே சிதறிக் கிடக்கும். வோல்களும் பல காலம் நெருக்கமின்றிச் சிதறியே வாழும். ஒரு துணையை விட்டால் இன்னொன்று கிடைப்பது உறுதியில்லை. அங்கே ஆண், கிடைத்த துணையோடு தங்கிக் குட்டிகளைக் காப்பது லாபம். மெடோ வோல் வாழ்வது ஈரமும் பசுமையும் நிறைந்த புல்வெளியில். ஒரு சிறு பரப்பிலேயே பெண்ணுக்கு வேண்டிய உணவு கிடைக்கிறது. கோடையில் அது தன் எல்லைக்குள் வேறு பெண்ணை விடுவதில்லை. ஆண் பல பெண்களின் எல்லைகளைச் சுற்றிவருகிறது. குட்டி வளர்ப்பில் அதற்குப் பங்கில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்கள் பலர் தரும் சூழலியல் விளக்கம் இது.

பிரெய்ரி வோல் குடும்பத்தில் தந்தை பாலூட்டுவதைத் தவிர எல்லாம் செய்கிறது. கூடு கட்டுகிறது, குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்கிறது, கூட்டைவிட்டு நகர்ந்த குட்டியைக் கவ்விக்கொண்டு வருகிறது. முந்தைய ஈற்றுக் குட்டிகள் பல, வளர்ந்த பிறகும் வீட்டைவிட்டுப் போகாமல் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கின்றன. வீட்டோடு இருக்கும்வரை இளம்பெண்ணின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராவதில்லை. அறிமுகமில்லாத ஆணின் சிறுநீர் வாசனை பட்டால்தான் அந்த மாற்றம் தொடங்கும். நெருங்கிய ரத்த உறவுக்குள் கலப்பு நேராமல் இது காக்கிறது.

இந்த வளர்ப்பு அடுத்த தலைமுறையையும் தொடுகிறது. தாய் மட்டுமே வளர்த்த பிரெய்ரி வோல் குட்டிகள் பெரிதான பிறகு துணையோடு பிணைப்புக் கொள்ள அதிகக் காலம் எடுத்துக்கொண்டதை ஆய்வகத்தில் கண்டார்கள். மரபணு மட்டுமல்ல, வளர்ந்த வீடும் நடத்தையை உருவாக்குகிறது.

மூளைக்குள் ஒரு தேடல்

கெட்ஸ் தன் வியப்பை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹார்மோன் ஆய்வில் ஈடுபட்டிருந்த சூ கார்ட்டரிடம் கொண்டுபோனார். பிணைப்பை அளக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. மூன்று அறைகள் கொண்ட பெட்டி. ஓர் ஓர அறையில் பழகிய துணையைக் கட்டிவைப்பார்கள். மற்றோர் ஓர அறையில் புதிய விலங்கு. சோதிக்கப்படும் வோல் மூன்று மணி நேரம் விருப்பம்போல் திரியலாம். பிரெய்ரி வோல் பெரும்பாலும் தன் துணையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. மெடோ வோலும் மலை வோலும் அப்படிச் செய்யவில்லை.

1990களின் தொடக்கத்தில் கார்ட்டர், தாமஸ் இன்செல் ஆகியோரின் குழுக்கள் இரண்டு ஹார்மோன்களின் பங்கைக் கண்டறிந்தன. ஒன்று, பிரசவத்திலும் பால் சுரப்பிலும் வேலை செய்யும் ஆக்ஸிடோசின். மற்றொன்று வாசோபிரெசின். பெண் பிரெய்ரி வோலின் மூளையில் ஆக்ஸிடோசின் செலுத்தினால், உடலுறவு நிகழாமலேயே அருகிலிருந்த ஆணோடு பிணைப்பு உண்டானது. 1993இல் வெளிவந்த ஆய்வு, ஆணில் வாசோபிரெசினுக்கு அத்தகைய பங்கு உண்டென்று காட்டியது.

மலை வோலின் மூளையிலும் இதே ஹார்மோன்கள் சுரக்கின்றன. வேறுபாடு எங்கே? ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். அவை மூளையின் எந்தப் பகுதியில் நிறைந்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. ஒலிபரப்பு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எந்த வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறதோ அந்த வீட்டில்தான் பாட்டுக் கேட்கும். பிரெய்ரி வோலில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் ஆக்ஸிடோசின் ஏற்பிகளும், வென்ட்ரல் பாலிடம் என்ற பகுதியில் வாசோபிரெசின் ஏற்பிகளும் செறிந்திருந்தன. இவை டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இன்ப உணர்வுப் பாதையின் பகுதிகள். துணையின் வாசனையும் இன்பமும் அங்கே ஒன்றாகப் பதிகின்றன.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் லாரி யங் குழுவினர் 2004இல் இதைத் துணிந்து சோதித்தார்கள். ஒரு வைரஸைக் கொண்டு மெடோ வோல் ஆணின் வென்ட்ரல் பாலிடத்தில் வாசோபிரெசின் ஏற்பியின் மரபணுவைச் செலுத்தினார்கள். ஊர்சுற்றும் இனத்து ஆண், தன் துணையின் அருகே ஒட்டிக்கிடக்கத் தொடங்கியது. ஒரே ஒரு மரபணுவின் அளவை ஒரே ஓர் இடத்தில் மாற்றியதால் விளைந்தது இது. உலகப் பத்திரிகைகள் காதல் ஹார்மோன், காதல் மரபணு என்று எழுதித் தள்ளின.

எளிய விடைக்கு வந்த சோதனை

அறிவியலின் நேர்மை அதற்குப் பிறகுதான் வெளிப்பட்டது. வாசோபிரெசின் ஏற்பி மரபணுவுக்கு அருகே திரும்பத் திரும்ப வரும் ஒரு டிஎன்ஏ துண்டு பிரெய்ரி வோலில் நீளமாக இருந்தது. மெடோ வோலிலும் மலை வோலிலும் அது இல்லை. அதுவே இணை வாழ்க்கைக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். 2006இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் இன்னும் பல வோல் இனங்களைப் பார்த்தபோது, துணையோடு வாழாத இனங்களிலும் அந்தத் துண்டு இருந்தது. இரண்டு மூன்று இனங்களை ஒப்பிட்டு எட்டிய முடிவு, உறவினரை எல்லாம் அழைத்து விசாரித்தபோது நிற்கவில்லை. பாகுபாட்டியலின் அருமை இங்கே புரியும்: யார் யாருக்கு உறவு என்ற முழுப் பட்டியல் கையில் இருந்தால்தான் தற்செயல் ஒற்றுமை எது, உண்மைக் காரணம் எது என்று பிரிக்க முடியும்.

அடுத்து, இணை வாழ்க்கை என்பதன் பொருளே திருத்தப்பட்டது. குட்டிகளின் மரபணுவைப் பரிசோதித்தபோது சில, கூட்டில் இருந்த ஆணுக்குப் பிறந்தவை அல்ல என்று தெரிந்தது. ஆண்களில் எல்லாமே வீட்டோடு தங்குவதில்லை. கூடில்லாமல் திரியும் ஆண்களும் உண்டு. சேர்ந்து வாழ்வதும் சேர்ந்து வளர்ப்பதும் உண்மை. இனப்பெருக்கத்தில் முழு விசுவாசம் என்பது அதில் அடங்கவில்லை.

2023இல் வந்த முடிவு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. தேவானந்த் மனோலி, நிராவ் ஷா ஆகியோரின் குழுக்கள் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் ஆக்ஸிடோசின் ஏற்பியே இல்லாத பிரெய்ரி வோல்களை உருவாக்கின. அவையும் துணையோடு பிணைந்தன, குட்டி ஈன்றன, பாலூட்டின. பால் குறைந்து, தப்பிப் பிழைத்த குட்டிகள் குறைந்தன என்பது மட்டும் உண்மை. முப்பது ஆண்டு ஆய்வுகள் பொய்யென்று இதற்குப் பொருள் இல்லை. கருவிலிருந்தே ஒரு வழி அடைபட்டால் மூளை வேறு வழிகளில் அதே இடத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இணைந்து வாழ்வது அந்த விலங்குக்கு அவ்வளவு இன்றியமையாதது. ஒரே ஒரு மூலக்கூறை நம்பி இயற்கை அதை விட்டுவைக்கவில்லை.

பருவம் மாறினால் குணம் மாறும்

ஊர்சுற்றி என்று நாம் ஒதுக்கிய மெடோ வோலிடம் மீண்டும் வருவோம். கோடையில் எல்லைக்காகச் சண்டையிடும் பெண்கள், குளிர்காலத்தில் பனிக்கடியில் ஒரே கூட்டில் நெருங்கிப் படுத்துக் குளிர் காய்கின்றன. இந்த மாற்றத்தைத் தூண்டுவது பகலின் நீளம். கலிபோர்னியாவில் அனலீஸ் பீரி நடத்தும் ஆய்வுகளில், குறுகிய பகல் ஒளியில் வைக்கப்பட்ட மெடோ வோல் பெண்கள் பழகிய தோழியைத் தேர்ந்து அதனோடு தங்கின. தனிமை விரும்பி என்று எழுதிவைத்த இனத்துக்குள்ளேயே ஒரு நட்பு வாழ்க்கை இருந்திருக்கிறது. ஆண், பெண் பிணைப்பை மட்டுமே தேடியவர்களுக்கு அது நெடுநாள் தெரியவில்லை.

மற்ற உறவினரின் வாழ்க்கையும் ஒரே சட்டகத்துக்குள் அடங்காது. ஐரோப்பாவின் சாதாரண வோலில் தாய், மகள், சகோதரிகள் ஒரே கூட்டில் ஈன்று ஒருவர் குட்டிக்கு மற்றவர் பால் கொடுக்கிறார்கள். சீனாவின் மாண்டரின் வோல், பிரெய்ரி வோலைப் போலவே இணையாக வாழ்ந்து தந்தையும் குட்டி வளர்க்கிறது. ஆனால் அது வேறு கண்டத்தில் வேறு பேரினத்தில் பிறந்தது. அதே பேரினத்தின் பிராண்ட் வோல், மங்கோலியப் புல்வெளியில் கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. கீச்சான் பறவை வட்டமிடும் இடங்களில் உயர்ந்த புற்கற்றைகளை, தனக்கு உணவாகாது என்றாலும், கடித்துத் தரையோடு சாய்க்கிறது. வானத்தைப் பார்க்க மறைப்பு இருக்கக்கூடாது என்பதற்காக. வலை போட்டுப் பறவைகளைத் தடுத்தபோது வோல்கள் புல் வெட்டுவதை விட்டுவிட்டன என்று 2022இல் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

லெம்மிங்குகள் கூட்டம் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்கின்றன என்ற கதையையும் இங்கே தீர்த்துவிடலாம். 1958இல் வெளியான டிஸ்னியின் ஆவணப்படம் அதைப் பரப்பியது. அந்தக் காட்சி கனடாவின் ஆல்பர்ட்டாவில் விலங்குகளைக் கொண்டுவந்து செயற்கையாகப் படமாக்கப்பட்டது. உண்மையில் லெம்மிங்குகள் எண்ணிக்கை மிகும்போது இடம் தேடிப் பரவுகின்றன. வழியில் ஆறோ ஏரியோ வந்தால் சில மூழ்குகின்றன. மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வோல்களும் லெம்மிங்குகளும் பெருகித் தேயும் இந்தச் சுழற்சியை ஆக்ஸ்போர்டின் சார்லஸ் எல்ட்டன் 1924இலேயே எழுதத் தொடங்கினார். உயிர்த்தொகைச் சூழலியல் என்ற துறை வளர்ந்ததில் இந்தச் சிறு விலங்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆறுதல் சொல்லும் விலங்கு

2016இல் வெளியான இன்னோர் ஆய்வு என் மனத்தை மிகவும் தொட்டது. பிரெய்ரி வோல் ஒன்றை அதன் துணையிடமிருந்து பிரித்து, லேசான மின்னதிர்ச்சிக்கு உள்ளாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதையும் நேரில் பார்த்திராத துணை, வந்ததன் உடலை வழக்கத்தைவிட நீண்ட நேரம் நக்கிக்கொடுத்தது. பழக்கமில்லாத வோலுக்கு அப்படிச் செய்யவில்லை. மனிதர்கள் பிறர் வலியைக் காணும்போது செயல்படும் ஆன்டீரியர் சிங்குலேட் என்ற மூளைப் பகுதியில் ஆக்ஸிடோசின் ஏற்பியை மறித்தபோது அந்த ஆறுதல் நின்றுபோனது. மெடோ வோலில் இந்த நடத்தை காணப்படவில்லை. ஆறுதல் தருவது பெரிய மூளையுள்ள உயிர்களின் தனிச்சொத்து என்ற எண்ணத்தை 40 கிராம் விலங்கு ஒன்று மாற்றிவிட்டது.

மருத்துவ ஆய்வகங்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சுண்டெலியையும் வீட்டெலியையும் வைத்தே நடக்கின்றன. அவை இரண்டும் துணையோடு பிணைவதில்லை. அவற்றோடு நின்றிருந்தால் மூளையில் பிணைப்பு எங்கே, எப்படி உண்டாகிறது என்ற கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. பயிருக்குக் கேடு என்று கருதப்பட்ட ஒரு வயல் விலங்கை ஒருவர் பொறுமையாக 25 ஆண்டுகள் எண்ணிப் பார்த்ததால்தான் அந்தக் கேள்வி பிறந்தது. மன இறுக்கம் முதல் துணையை இழந்தவரின் துயரம் வரை, மனித மனத்தைப் பற்றிய ஆய்வுகளுக்கு இன்று அது அடிப்படையாகியிருக்கிறது.

பாலூட்டி இனங்களில் ஐந்தில் இரண்டு பங்கு கொறிவிலங்குகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் குடும்ப வாழ்க்கையை நாம் இன்னும் திறந்து பார்க்கவில்லை. நம் இமயமலையின் பாறை இடுக்குகளில் வாழும் வோல்களைப் பற்றிய சமூக நடத்தை ஆய்வுகள் மிகச் சிலவே. பிரிட்டனில் நீர் வோல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், அமெரிக்க மின்க் என்ற ஊனுண்ணியின் வேட்டையாலும் கரையோர வாழிடம் அழிந்ததாலும் சில பத்தாண்டுகளில் மறைந்துபோயின. ஓர் இனம் போனால் அதன் உடல் அமைப்பு அருங்காட்சியகத்தில் மிஞ்சும். அது வாழ்ந்த முறை மிஞ்சாது. உறவினரைப் பார்த்து அதை ஊகித்துக்கொள்ளவும் முடியாது என்பதே வோல்கள் கற்பித்த பாடம். ஆகவே சிறிய உயிர் என்று பாராமல் ஒவ்வோர் இனத்தையும் அதன் இடத்திலேயே காப்பதும், அங்கேயே போய்ப் பொறுமையாகக் கவனிப்பதும் அறிவியலின் அடிப்படைக் கடமை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் இளம் விலங்கியலாளர்கள் அந்தக் கடமையை இமயத்தின் வோல்களிடமிருந்து தொடங்கலாம்.